தோல் பேக், பேர்ஸ் தைக்க எந்த மெசின் வாங்கலாம்? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டை, பாவாடை, பள்ளிக்கூட யூனிபோர்ம் தைத்துப் பழகிய கைகள்தான் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் தோல் வேலைக்கு வருகின்றன. தையல் தெரியும், வெட்டத் தெரியும், வாடிக்கையாளரைச் சமாளிக்கவும் தெரியும். மெசின் விஷயத்தில் மட்டும் தடுமாற்றம். கடைக்காரர் ஒன்று சொல்வார், வீடியோ இன்னொன்று சொல்லும். காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை கேட்கப்படும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால், பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

மெசின் பார்க்கப் போகுமுன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

இரண்டே விஷயம். நீங்கள் தைக்கப்போகும் சாமானில் ஆகத் தடித்த இடம் எத்தனை மில்லிமீற்றர்? அதில் எந்தத் தடிப்பு நூல் போகப்போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் "நல்ல ஸ்ட்ரோங்கான மெசின் ஒன்று தாங்கோ" என்று கேட்டால், கடையில் விற்காமல் கிடப்பதைத்தான் காட்டுவார்கள்.

ஒரு சாதாரண ஆண்கள் பேர்ஸை எடுத்துக்கொள்வோம். வெளித்தோல் 1.2 மில்லிமீற்றர். உள்ளே ஒரு அடித்தோல் 0.8. அதற்கு மேல் மூன்று கார்ட் பொக்கெட், ஒவ்வொன்றும் 0.8. எல்லாப் பொக்கெட்டையும் முழுச் சதுரமாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், ஓரத்தில் 1.2 உடன் நான்கு தடவை 0.8 சேர்ந்து 4.4 மில்லிமீற்றர் வரும். அதே பேர்ஸில் மேல் பொக்கெட்டுகளை இரண்டு பக்கமும் சிறு காது வைத்து வெட்டி, காதுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக உட்காரும்படி ஒட்டினால், ஓரத்தில் வெளித்தோல், அடித்தோல், ஒரு பொக்கெட் மட்டும்தான். 2.8 மில்லிமீற்றர். வெட்டும் விதத்தை மாற்றியதாலேயே மெசினுக்கு மூன்றில் ஒரு பங்கு சுமை குறைந்துவிட்டது. பொக்கெட்டின் பின்பக்கத்துக்குத் தோலுக்குப் பதில் மெல்லிய லைனிங் துணி போட்டால் இன்னும் குறையும்.

பேக்கில் கதை வேறு. உடம்பு 1.6 முதல் 2 மில்லிமீற்றர் இருக்கும். பக்கத்துண்டைச் சேர்க்கும் இடத்தில் அது இரட்டிக்கும். கைப்பிடி வந்து சேரும் இடத்தில் 6, 7 மில்லிமீற்றர் சாதாரணமாக வரும். மெசின் நின்று அழுவது அந்த இடத்தில்தான். ஹார்ட்வெயார் கடையில் தடிப்பு அளக்கும் வேர்னியர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மலிவானதே போதும்.

வீட்டில் இருக்கும் சிங்கர் கால் மெசினில் தோல் தைக்க முடியாதா?

கறுப்பு இரும்பு உடம்புடைய பழைய சிங்கரோ, அதே அமைப்பில் வரும் பட்டர்ஃபிளையோ என்றால், மெல்லிய தோலில் பேர்ஸ் தைத்துப் பழகலாம். எல்லாத் தட்டும் சேர்ந்து 2 மில்லிமீற்றருக்குள், தோலும் மெதுவானது என்றால் ஓரளவு ஒத்துழைக்கும். கால் மெசினில் ஒரு பெரிய வசதி உண்டு: வேகம் உங்கள் காலில் இருக்கிறது. மூலையில் கைச்சக்கரத்தைப் பிடித்து ஒவ்வொரு தையலாக இறக்கலாம்.

ஆனால் அந்த மெசினில் துணியை நகர்த்துவது கீழே இருக்கும் பல் மட்டும். மேலே பாதம் சும்மா அழுத்திக்கொண்டு நிற்கும். தோலின் முகப்புப் பக்கம் பாதத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழ்த்தட்டு நகரும், மேல்தட்டு பின்தங்கும். ஒரு அடி நீளத் தையல் முடிவில் இரண்டு ஓரமும் ஒன்றுக்கொன்று விலகி நிற்பதைக் காண்பீர்கள். வழுக்கும் வெள்ளை டெஃப்லோன் பாதமோ உருளை வைத்த பாதமோ போட்டால் ஒட்டுவது குறையும். கீழே பல்லின் அடையாளம் விழாமல் இருக்க மெல்லிய டிசு தாளை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுக்கலாம். குண்டூசி மட்டும் குத்தாதீர்கள். துணியில் ஓட்டை மூடிக்கொள்ளும், தோலில் அது நிரந்தரம். ஒட்டுப் பசையும் கிளிப்பும்தான் உங்களுக்குக் குண்டூசி.

இன்னொரு எல்லையும் உண்டு. இந்த மெசின்களின் ஊசி 15×1 என்ற வகை. வழக்கமாக 110/18 என்ற தடிப்பு வரைதான் போடுவார்கள். டெக்ஸ் என்பது நூலின் தடிப்பளவு, இலக்கம் கூடினால் நூல் தடிக்கும். அந்த மெசினுக்கு டெக்ஸ் 70 நூலே கொஞ்சம் அதிகம். பேக்கின் மேல் தடித்து, நிமிர்ந்து தெரியும் தையல் வேண்டுமென்றால் இது உங்களுக்கான மெசின் அல்ல.

பெட்டியில் "ஹெவி டியூட்டி" என்று எழுதிய புது பிளாஸ்டிக் உடம்பு வீட்டு மெசின்களைப் பற்றியும் கேட்கிறார்கள். ஜீன்ஸ் மடிப்புக்கு அது நல்ல மெசின். தோல் பேக்குக்கு வேண்டாம்.

கார்மென்ட் ஃபெக்டரியில் இருக்கும் ஜூக்கி வேகமாக, பலமாகத் தைக்கிறதே. அது போதாதா?

எங்களிடம் ஜூக்கி என்றால் ஒரு கம்பனியின் பெயர் என்பதைவிடத் தொழிற்சாலை மெசின் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. நீங்கள் சொல்வது ஒற்றை ஊசி மெசின், டிடிஎல்-8700 போன்றது. அது நிமிடத்துக்கு 5,000 தையலுக்கு மேல் ஓடும். ஆனால் வேகமும் பலமும் ஒன்றல்ல. அது மெல்லிய, நடுத்தரத் துணிக்காகச் செய்யப்பட்டது. அதிலும் துணியை நகர்த்துவது கீழ்ப்பல் மட்டும்தான். அதாவது வீட்டு சிங்கரில் வரும் அதே சிக்கல் இங்கே பல மடங்கு வேகத்தில் வரும்.

தையல் நீளமும் சாதாரண மொடலில் 4 மில்லிமீற்றரோடு நின்றுவிடும். தடித்த துணிக்கு வரும் எச் வகையில் 5 வரை போகும். தடித்த தோலை இரண்டு தட்டாக வைக்கும்போது கணக்கில் 4 வைத்தாலும் தோலில் 3 போலத்தான் விழும்.

ஏற்கெனவே வீட்டில் இது இருந்தால் விற்றுவிடாதீர்கள். பேக்கின் உள் லைனிங், துணியில் சிப் வைப்பது, மெல்லிய ரெக்சின், எல்லாவற்றுக்கும் இது வேண்டும். தோல் மெசினில் லைனிங் தைப்பது வீண் பாடு.

எல்லோரும் "வோக்கிங் ஃபூட்" வாங்கு என்கிறார்கள். அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தோல் மெசினில் பாதம் இரண்டாகப் பிரிந்திருக்கும். உள்பாதம், வெளிப்பாதம். கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். உள்பாதம் இறங்கித் தோலை அழுத்தும். அதன் நடுவே ஊசி குத்தும். பிறகு கீழ்ப்பல், ஊசி, உள்பாதம் மூன்றும் சேர்ந்து தோலைப் பின்னுக்கு இழுத்துச் செல்லும். அப்போது வெளிப்பாதம் மேலே தூக்கி நிற்கும். ஒரு தையல் நீளம் நகர்ந்ததும் வெளிப்பாதம் இறங்கித் தோலைப் பிடித்துக்கொள்ள, உள்பாதமும் ஊசியும் எழும்பி முன்னுக்கு வரும். மாறி மாறி நடப்பதால்தான் அந்தப் பெயர். ஊசி தோலுக்குள் இருக்கும்போதே நகர்வு நடப்பதால் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலக இடமே இல்லை. கைப்பிடி மேட்டில் ஏறும்போதும் தையல் நீளம் பெரிதாகக் குறையாது.

இங்கேதான் ஏமாற்றம் நடக்கிறது. பாதம் நடக்கும், கீழ்ப்பல் நகரும், ஆனால் ஊசி மேலும் கீழும் மட்டும் போய்வரும் மெசின்களும் "வோக்கிங் ஃபூட்" என்ற பெயரில்தான் விற்கப்படுகின்றன. அவையும் ஒற்றை ஊசி ஜூக்கியைவிட எவ்வளவோ மேல். ரெக்சின், கன்வஸ், ஸ்கூல் பேக் தைக்கிறவருக்கு அதுவே தாராளம். ஆனால் இரண்டுக்கும் விலையில் வித்தியாசம் இருக்கிறது; ஊசியும் நகரும் மெசினின் விலையைக் கொடுத்து இதை வாங்கக் கூடாது. சோதிப்பது மிகச் சுலபம். நூல் இல்லாமல், கரண்ட் இல்லாமல், தையல் நீளத்தை ஆகக் கூடிய அளவில் வைத்துக் கைச்சக்கரத்தைச் சுற்றுங்கள். ஊசியின் முனையை மட்டும் பாருங்கள். அது கீழே இருக்கும்போது கீழ்ப்பல்லோடு சேர்ந்து பின்னுக்கு நகர்ந்தால் மூன்று நகர்வும் உள்ள முழு மெசின். நேராகக் குத்தி நேராக எழும்பினால் அது இரண்டு நகர்வு மெசின். கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும் சரி.

அப்போ எந்த மொடல்?

மூன்று நகர்வும் உள்ள, மேசையில் பரப்பித் தைக்கும் தட்டை மெசின்களில் ஜூக்கியின் டிஎன்யூ-1541 உலகம் முழுக்கப் பேக் தைப்பவர்கள் பாவிப்பது. தையல் 9 மில்லிமீற்றர் வரை நீளும். முழங்கால் லிவரால் பாதம் 16 மில்லிமீற்றர் தூக்கும். பின்னால் எஸ் போட்ட 1541எஸ் என்றால் நூல் சிக்கி, கீழே மேல்நூலைப் பிடிக்கும் ஹூக் மாட்டிக்கொண்டாலும் உள்ளே உடையாமல் விடுபடும் பாதுகாப்புக் கிளட்ச் உண்டு. பழசில் சிங்கர் 111டபிள்யூ, கொன்சியூ 206ஆர்பி, ஃபாஃப் 1245 எல்லாம் இதே வேலைக்குப் பெயர் போனவை. இவற்றைப் பார்த்துச் செய்த சீன மெசின்கள் பல பெயர்களில் வருகின்றன. அவற்றிலும் நல்லது இருக்கிறது. வாங்கும் முன் தைத்துப் பார்க்க வேண்டியது அவசியம்.

என்னைக் கேட்டால், கம்பனிப் பெயரைவிட ஒரு கேள்வி முக்கியம்: இந்த மெசினைத் திறந்து பூட்டத் தெரிந்த ஆள் எத்தனை மைலுக்குள் இருக்கிறார்? ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரம் தப்பிவிட்டால் மெசின் தையல் பிடிக்காது. மெக்கானிக் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும் என்றால் ஓடர் போய்விடும். கார்மென்ட் லைனில் வேலை பார்த்த மெக்கானிக் காக்கா ஒருவர் உங்கள் ஊரில் இருப்பார். மெசினுக்கு முற்பணம் கொடுக்கும் முன் அவரிடம் மொடலைச் சொல்லிக் கேளுங்கள். ஓட்டோ சீட், பஸ் சீட் அடிக்கும் குசன் கடைகளில் என்ன மெசின் ஓடுகிறது என்று எட்டிப் பாருங்கள். அதே வகையை வாங்கினால் பாகமும் ஊசியும் ஆளும் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில்.

தட்டை, குழாய், தூண் என்று மூன்று விதம் இருக்கிறதாமே?

பேர்ஸ், பெல்ட், ஃபைல், சாதாரணத் துணிப்பை போன்ற பேக், எல்லாம் மேசையில் பரப்பித் தைப்பவை. அதற்குத் தட்டை மெசின். முழுப் பேக்காக உருவான பின் வாய் ஓரத்தையோ பக்கத்துண்டையோ சுற்றித் தைக்க வேண்டுமென்றால், பேக்கைக் குழாய் போன்ற கையில் மாட்டிச் சுற்றலாம். அது குழாய் மெசின். ஜூக்கி எல்எஸ்-1341 அப்படிப்பட்டது. தூண் மெசின் சப்பாத்துக்காரருக்கு.

முதல் மெசின் தட்டையாகவே இருக்கட்டும். பேக்கை உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்துப் புரட்டும் மாதிரிகளை முதலில் செய்தால் குழாய் மெசினின் தேவை வெகுநாள் வராது. குழாய் மெசின் வாங்கி அதன்மேல் மேசைப் பலகை பூட்டி இரண்டு வேலையும் பார்ப்பவர்களும் உண்டு. பேர்ஸுக்கு அந்தப் பலகை அசையாமல் இருக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

மோட்டர் கிளட்சா, சேர்வோவா?

சேர்வோ. யோசிக்கவே வேண்டாம்.

பழைய கிளட்ச் மோட்டர் சுவிட்ச் போட்ட நேரத்திலிருந்து நீங்கள் தைத்தாலும் தைக்காவிட்டாலும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். காலை லேசாக வைத்தாலும் பாய்ந்துவிடும். சட்டைக்குச் சரி. தோலில் ஒரு ஓட்டை தப்பினால் அந்தத் துண்டே போச்சு. சேர்வோ மிதித்தால் மட்டும் ஓடும், சத்தம் கிடையாது, ஆகக் கூடிய வேகத்தைக் குமிழில் குறைத்து வைக்கலாம். 550 வாட்டும் 750 வாட்டும் வழக்கமாகக் கிடைப்பவை. தோலுக்கு 750 எடுத்தால் மெதுவாகப் போகும்போதும் இழுவை இருக்கும். மோட்டரில் பூட்டியிருக்கும் புல்லியைச் சிறியதாக மாற்றினால் வேகம் இன்னும் குறையும், குத்தும் பலம் கூடும். மிக மலிவான மாற்றம் இதுதான். பலர் செய்வதில்லை.

எங்களுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மெசினின் தகட்டில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வீட்டு மெசின்கள் 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. வோல்டேஜ் குறைக்கும் டிரான்ஸ்ஃபோமர் இல்லாமல் நேராகச் சொருகினால் அன்றே முடிந்தது. சேர்வோவின் பெட்டிக்குள் இலெக்ட்ரோனிக் போர்ட் இருப்பதால், ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரத்தில் இடி மின்னல் வரும் நாட்களில் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

நூலும் ஊசியும் எப்படிப் பொருத்துவது?

நூல் கோனில் டிக்கெட் இலக்கம் இருக்கும். இலக்கம் கூடக் கூட நூல் மெலியும். இது புதிதாக வருபவர்களைக் குழப்பும். டிக்கெட் 40 என்பது கிட்டத்தட்ட டெக்ஸ் 70. பேர்ஸுக்கும் சிறு பேக்குக்கும். டிக்கெட் 30, டெக்ஸ் 90 பக்கம். பெண்கள் பேக்குக்கு அழகாக இருக்கும். டிக்கெட் 20, டெக்ஸ் 135 பக்கம். பெரிய பேக், கைப்பிடி, பெல்ட். ஊசி முறையே 100/16 அல்லது 110/18, பிறகு 110/18 அல்லது 120/19, கடைசிக்கு 140/22. நூல் ஊசிக் காதில் தாராளமாக ஓட வேண்டும். ஓட்டை நூலைவிடப் பெரிதாகத் தெரிந்தால் ஊசியை ஒரு இலக்கம் இறக்குங்கள். முடிச்சு கீழே தோலுக்குள் புதையாமல் வெளியில் நின்றால் ஒரு இலக்கம் ஏற்றுங்கள்.

சட்டை தைக்கும் நூல் வேண்டாம். பொண்டட் நைலோன் அல்லது பொண்டட் பொலியெஸ்டர் என்று கேட்டு வாங்குங்கள். இழைகள் பிரியாமல் ஒட்டிய நூல் அது. நைலோன் மெசினில் அருமையாக ஓடும், ஆனால் நாள் முழுக்க வெயில் பட்டால் பலம் குறையும். மோட்டர் சைக்கிள் பேக், வெயிலில் தொங்கும் பேக் என்றால் பொலியெஸ்டர்.

ஊசியின் வகையும் முக்கியம். 1541 போன்ற மெசினுக்கு 135×16 என்று கேட்டால் தோல் ஊசி; முனை கத்தி போல வெட்டும். 135×17 என்றால் துணி ஊசி, முனை உருண்டை. நீளம் ஒன்றேதான், ஒரே மெசினில் மாற்றிப் போடலாம். தோல் ஊசியில் எல்ஆர் என்று குறித்தது சாய்வாக வெட்டுவதால், தையல் ஒவ்வொன்றும் லேசாகச் சரிந்து, கையால் தைத்தது போல இருக்கும். ரெக்சினுக்குத் தோல் ஊசி போடாதீர்கள். அது பின்னாலிருக்கும் துணியின் இழையை வெட்டிவிடும், கொஞ்ச நாளில் தையல் வழியே கிழியும்.

தையல் நீளம் பேர்ஸுக்கு 3, பேக்குக்கு 3.5 அல்லது 4 மில்லிமீற்றர். கிட்டக் கிட்டத் தைத்தால் பலம் கூடும் என்பது துணியில் உண்மை. தோலில் தபால் முத்திரைத் தாள் மாதிரி கிழிய வழி செய்து கொடுக்கிறீர்கள்.

பெல்ட் தைக்கும் பெரிய 441 மெசின் வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகாதா?

ஆகாது. ஜூக்கி டிஎஸ்சி-441 வகை மெசின்கள் குதிரைச் சேணத்துக்கும் மிகத் தடித்த வாருக்கும் செய்யப்பட்டவை. அந்த ஊசி போடும் ஓட்டையில் உங்கள் பேர்ஸ் நூல் ஆடிக்கொண்டிருக்கும். பற்களும் மெல்லிய தோலைக் கடித்துவிடும். மட்டக்களப்பில் சேணம் கேட்டு எத்தனை பேர் வரப்போகிறார்கள்?

இணையத்தில் மலிவாக வரும், கையால் சுற்றும் சப்பாத்து மெசின்?

சப்பாத்து திருத்தும் வேலைக்கு நல்லது. பாதம் எந்தத் திசைக்கும் திரும்பும் என்பதால் பழைய பேக்கின் மூலையை, பிய்ந்த வாரை ஒட்டுப்போடலாம். புதுப் பேர்ஸுக்கு ஒரே நேர்கோட்டில், ஒரே நீளத்தில் தையல் வேண்டும். அது இதில் வராது. பாதத்தின் பல் முகப்புப் பக்கத்திலேயே அடையாளம் வைக்கும். பொபினும் சின்னது. வந்த மெசினை அரம் போட்டுச் சரிசெய்யும் பொறுமை உள்ளவர்கள் வாங்கலாம். சிங்கர் 29கே என்ற பழைய மெசின் இதன் மூத்த உறவினர். நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் திருத்த வேலைக்குத் தாராளமாக எடுங்கள்.

பாவித்த மெசின் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் உங்கள் தோலையும் உங்கள் நூலையும் கொண்டு போங்கள். விற்பவர் துணித்துண்டில் அழகாகத் தைத்துக் காட்டுவார். அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, உங்கள் கைப்பிடி மேட்டை ஒட்டி எடுத்துப்போன துண்டைக் கொடுங்கள். இரண்டு தட்டிலிருந்து நாலு தட்டுக்கு ஏறி, மறுபடி இறங்கட்டும். ஏறும் இடத்தில் தையல் தாண்டுகிறதா, இறங்கும் இடத்தில் நீளம் மாறுகிறதா? பிறகு பின்னோக்கித் தைக்கச் சொல்லுங்கள். ஊசி முன்பு போட்ட அதே ஓட்டையில் விழ வேண்டும். தோல் வேலையில் முடிச்சு போடுவது அப்படித்தான் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல.

அப்புறம் கரண்டை நிறுத்திவிட்டு, ஊசி பிடிக்கும் கம்பியை இரண்டு விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் உள்ளே தேய்ந்துவிட்டது. பொபின் மூடியைத் திறந்து ஹூக்கின் கூர்முனையை நகத்தால் தடவுங்கள். முனை மொட்டையாகவோ கீறலாகவோ இருந்தால் நூல் வெட்டிக்கொண்டே இருக்கும். மெசினைச் சரித்து அடியைப் பாருங்கள். புதுப் பெயின்ட் மேலே பளபளக்க, அடியில் செம்பழுப்புத் துரு இருந்தால் அந்தப் பெயின்ட் உங்களுக்காகவே அடித்தது. பாதங்கள் எத்தனை சோடி தருகிறார்கள் என்றும் கேளுங்கள். பல் இல்லாத வழுவழுப்பான பாதம் ஒரு சோடி இல்லாமல் பேர்ஸ் தைக்க முடியாது. இல்லையென்றால் விலையில் குறைக்கச் சொல்லலாம்.

ஏற்றிவரும்போது தலையை மேசையிலிருந்து கழற்றித் தனியாகப் படுக்க வையுங்கள். இரண்டு பேர் தூக்க வேண்டிய பாரம். மேசையோடு கட்டி லொறியில் ஏற்றினால் வழியில் குலுங்கி பிணைச்சல் கழன்று விழும்.

கடற்கரையில் வீடு. துரு பிடிக்காதா?

பிடிக்கும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, எல்லா இடமும் உப்புக் காற்று. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. மெசினைக் கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழ் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் தோல் துண்டு ஒன்றைப் பாதத்தின் கீழ் வைத்து இறக்கிவிட்டு, எண்ணெய் தொட்ட துணியால் ஊசிக் கம்பி, பாதக் கம்பி, தட்டு மூன்றையும் துடையுங்கள். பிளாஸ்டிக் உறையால் இறுக மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணி உறை தைத்துக்கொள்வது நல்லது.

எண்ணெய் என்றால் தையல் மெசின் எண்ணெய். வீட்டில் எப்போதும் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் விட்டால், சில மாதத்தில் பிசின் போல இறுகி மெசின் சுற்றாது. அதைக் கழுவி எடுக்க மெக்கானிக் வாங்கும் கூலிக்கு நாலு போத்தல் நல்ல எண்ணெய் வாங்கலாம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலத்தில் தோலுக்குப் பூஞ்சணம் வரும். தோலைச் சுவரிலிருந்து விலக்கி, நிலத்திலிருந்து உயர்த்தி, காற்றுப்படச் சுருட்டி வையுங்கள். மடித்து பொலித்தீனில் போட்டால் ஜனவரியில் எடுக்கும்போது பச்சைப் புள்ளி இருக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாளில் கிடைக்கும் குர்பான் தோலை வைத்து பேக் செய்யலாமா?

அது பதனிடாத பச்சைத் தோல். உப்புப் போட்டால் அழுகுவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். பதனிடும் சாலைக்குப் போய் குரோம் அல்லது மரப்பட்டைச் சாற்றில் பதப்பட்டு, சீவப்பட்டுத்தான் தைக்கும் தோலாக வரும். பேக்குக்குக் குரோம் தோல் மெதுவாக, மெசினுக்கு இதமாக இருக்கும். மரப்பட்டையில் பதனிட்டது விறைப்பு. பெல்ட்டுக்கும், ஓரத்தைத் தேய்த்து மினுக்கும் பேர்ஸுக்கும் ஏற்றது.

ஓரம் சீவும் மெசினும் வேண்டுமா?

மாதத்துக்கு நூறு பேர்ஸ் போகும்வரை வேண்டாம். கூரான கத்தியும் கண்ணாடித் தட்டும் போதும். வெளித்தோலின் ஓரத்தை மடிக்க வேண்டிய இடத்தில் பாதித் தடிப்புக்குச் சீவிவிட்டால் தையல் மெசினும் நிம்மதியாக ஓடும். மாதம் நூறைத் தாண்டிய பிறகு, இரண்டாவது தையல் மெசினைவிடச் சீவும் மெசின்தான் முதலில் வாங்க வேண்டியது என்பது என் கருத்து.

மருதமுனைக் கைத்தறித் துணியும் தோலும் சேர்த்துத் தைக்கலாமா?

தாராளமாக. பேக்கின் உடம்பு கைத்தறி, அடியும் வாயும் கைப்பிடியும் தோல். தோலும் காசும் குறைவாக முடியும், பார்க்க எங்கள் ஊர்ச் சாமான் என்று தெரியும். துணியின் பின்னால் ஒட்டும் கன்வஸ் ஒன்று கொடுங்கள், இல்லையென்றால் தோலின் பாரத்தில் துணி தொங்கும். தோல் மேலே, துணி கீழே வரும்படி வைத்துத் தைக்கும்போது தோல் ஊசியை மெல்லிய இலக்கத்தில் போடுங்கள். பன் புல்லில் பின்னிய பாயிலும் இப்படிச் செய்யலாம். பன்னைக் கொஞ்சம் ஈரப்படுத்தித் தைத்தால் வெடிக்காது.

தையலின் கீழ்ப்பக்கம் நூல் வளையம் வளையமாக நிற்கிறது. பொபினை இறுக்கவா?

பொபினைத் தொடாதீர்கள். கீழே வளையம் நின்றால் குறை மேல்நூலில். பத்தில் எட்டுத் தடவை, பாதம் இறங்கியிருக்கும்போது நூலைக் கோர்த்திருப்பீர்கள். டென்ஷன் தட்டுக்குள் நூல் உட்கார்ந்திராது. பாதத்தைத் தூக்கி மறுபடி கோருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மேல் டென்ஷனைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள்.

இவ்வளவு காசு இப்போது இல்லை. மெசின் வாங்காமலே ஆரம்பிக்க வழி உண்டா?

உண்டு. வெட்டுவதும், சீவுவதும், ஒட்டுவதும் வீட்டிலேயே செய்யுங்கள். தோல் வேலையில் பாதிக்கு மேல் அதுதான். பேர்ஸ் மட்டுமென்றால் இரண்டு ஊசியால் இரு பக்கமிருந்தும் கையால் தைக்கலாம். நேரம் போகும், ஆனால் விலையும் கூட்டிச் சொல்லலாம். பேக்குகளைச் சேர்த்து வைத்து, குசன் கடை அண்ணனிடம் வேலை குறைந்த பின்னேரத்தில் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசித் தைத்து எடுங்கள். அவர் மெசினில் சீட்டுக்கான தடித்த நூலும் 140/22 ஊசியும் பல் வைத்த பாதமும் பூட்டியிருக்கும். உங்கள் நூலை, உங்கள் ஊசியை, முடிந்தால் வழுவழுப்பான பாதம் ஒரு சோடியையும் நீங்களே கொண்டு போங்கள். மாற்றிப் பூட்டும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை "மெசின் பழுது" என்பார். முதல் தடவை கைப்பிடிகளையும் நேரான ஓரங்களையும் மட்டும் கொடுங்கள். சீட் அடிப்பவர் நீளத் தையலுக்குப் பழகிய கை. வளைவும் மூலையும் அவருக்கு விளங்கிய பிறகு முழுப் பேக்கையும் கொண்டு போகலாம்.